வாயில் வராத சொல்

அத்தியாயம் 9

"மேடம், பின்னாடி உக்காந்துகினு நீங்க வுடற பெருமூச்சுலயே வண்டி ஓடிகினு கீது. பெட்ரோல் போடவே தேவல" என்றான் சேட்டு.

தேவசேனா சிரிக்கவில்லை. வழக்கமாக அவன் ஒன்று சொன்னால் அவள் ஒன்றரை சொல்லுவாள். இன்றைக்கு டி.வி.எஸ். ஐம்பதின் பின் சீட்டில் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கல்லுப் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

சேட்டு என்றதும் வட்டிக்கடை முதலாளி ஒருவரைக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். அவன் தேவசேனாவுக்கு உதவியாள், பேர்தான் சேட்டு. அடகு வைப்பதற்குக்கூட அவனிடம் ஒரு குண்டுமணி கிடையாது. வாய்தான் அவனுடைய ஒரே சொத்து, அதைத் தாராளமாகச் செலவு பண்ணுவான். தேவசேனாவோ மலைக்கோயில் மடைப்பள்ளியில் தலைமுறை தலைமுறையாகச் சமைத்து வந்த குடும்பத்துப் பெண். கரண்டி பிடித்திருக்க வேண்டியவள் துப்பறிய வந்தது பெரிய கதை, அது இப்போது வேண்டாம். கல்யாண விசாரணை, காணாமல் போன மருமகன், கடையில் கை வைத்த கணக்குப்பிள்ளை என்று எதை எடுத்தாலும் அவள் கை காட்டிய ஆள்தான் குற்றவாளியாக இருப்பான் என்று திருத்தணியில் அவளுக்கு ஒரு பேர் உண்டு. அந்தப் பேரை நம்பித்தான் முந்தாநாள் ஒரு பெண்ணின் படிப்பில் மண்ணைப் போட்டுவிட்டாள்.

விஷயம் இதுதான். கனகம்மாசத்திரம் போகிற ரோட்டில் இருந்த இன்ஜினியரிங் காலேஜில் கடைசி வருஷத்துக்கு 'கிரிப்டோகிராஃபியும் நெட்வொர்க் செக்யூரிட்டியும்' என்று ஒரு பாடம். ரகசியத்தை எப்படிப் பூட்டி வைப்பது, பூட்டியதை அடுத்தவன் உடைக்காமல் எப்படிக் காப்பாற்றுவது என்று சொல்லித்தருகிற பாடம். வேடிக்கையைக் கேளுங்கள், அந்தப் பாடத்தின் மாடல் எக்ஸாம் கேள்வித்தாளே பரீட்சைக்கு முன்னால் வெளியே போய்விட்டது! ஜெராக்ஸ் எடுத்து ஆளுக்கொன்றாகக் கையில் வைத்துக்கொண்டு பையன்கள் பஸ்ஸில் மனப்பாடம் செய்துகொண்டு வந்தார்களாம்.

கேள்வித்தாள் இருந்தது டிபார்ட்மெண்ட் ஆபீஸ் கம்ப்யூட்டரில், பாஸ்வேர்டு போட்ட ஃபைலுக்குள். பாஸ்வேர்டு தெரிந்த ஒரே ஆள் ஆபீஸ் டைப்பிஸ்ட் வரலட்சுமி. அவளுக்குப் பாஸ்வேர்டு போடச் சொல்லித்தந்தது கடைசி வருஷ மாணவி ஹேமாவதி. பொதட்டூர்பேட்டை தறிக்காரர் ஒருவரின் மகள், வகுப்பில் முதல் மார்க். பாஸ்வேர்டு போடும்போது ஹேமாவதி பக்கத்திலேயே நின்றாள், ஃபைல் கடைசியாகத் திறக்கப்பட்ட மத்தியானமும் ரிக்கார்டு நோட்டு வைக்க ஆபீசுக்குள் போனாள் என்று டிபார்ட்மெண்டில் சொன்னார்கள். விசாரிக்கச் சொல்லியிருந்த பிரின்சிபாலிடம் தேவசேனா அதை அப்படியே எழுதிக் கொடுத்துவிட்டாள். அன்றைக்கே பெண்ணை சஸ்பெண்ட் செய்தார்கள். இன்று சாயங்காலம் கமிட்டி கூடி ஒரேயடியாக வெளியே அனுப்பப்போகிறது.

"மொத மார்க் வாங்கற பொண்ணுக்குக் கேள்வித்தாள் எதுக்கு மேடம்?" என்று நேற்று சேட்டு கேட்டான். "உன் வேலையைப் பாரு" என்று அவனிடம் எரிந்து விழுந்தாள். அதற்கப்புறம் சோறு இறங்கவில்லை.

காலேஜ் கேட்டுக்கு எதிரே டீக்கடை பெஞ்சில் ஹேமாவதி தனியாக உட்கார்ந்திருந்தாள். கமிட்டி கூப்பிடும் வரை உள்ளே வரக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். தேவசேனாவைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை.

"இன்னும் இன்னா மேடம்? அதான் எழுதிக் குடுத்துட்டீங்களே."

தேவசேனாவுக்குச் சுருக்கென்றது. "வரலட்சுமி கிட்ட நீ என்ன சொன்னே? அப்படியே சொல்லும்மா."

"இப்பவாவது கேட்டீங்களே. அதுவரைக்கும் அவங்க காலேஜ் பேரைத்தான் பாஸ்வேர்டா வச்சிருந்தாங்க. செமினார்ல அதை நான் எல்லார் எதிர்லயும் ஒடச்சுக் காட்டிட்டேன். அவங்க அழுதுட்டாங்க. எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. நானே போய், 'அக்கா, உங்க வாயில வரவே வராத ஒரு வார்த்தையா வைங்க, யாராலும் கண்டுபிடிக்க முடியாது'ன்னேன். யோசிச்சாங்க. அப்புறம் வெக்கப்பட்டுகினு சிரிச்சாங்க. டைப் அடிச்சாங்க."

"நீ பாத்தியா?"

"செவுத்தைப் பாத்துகினு நின்னேன். பூட்டு எப்படி வேலை செய்யுதுன்னு ஊருக்கே தெரியலாம், சாவி மட்டும் தெரியக் கூடாது. எங்க பாடத்துல மொத நாளே இதான் மேடம் சொல்லித் தருவாங்க. நான் எப்படிப் பாப்பேன்?"

பக்கத்தில் நின்றாள் என்று எழுதினோமே, எந்தப் பக்கம் பார்த்து நின்றாள் என்று ஒரு வார்த்தை கேட்டோமா? தேவசேனாவுக்குத் தன்னையே அறைந்துகொள்ள வேண்டும்போல இருந்தது. பெரிய துப்பறிகிறவளாம்! அடுத்தவர் சொன்னதைக் கேட்டு எழுதுவதற்கு டைப்பிஸ்ட் போதுமே.

"வெக்கப்பட்டுகினு சிரிச்சாங்கன்னு சொன்னியே, ஏன் வெக்கம்?"

"தெரியல. கெட்ட வார்த்தை ஏதாவது வச்சிருப்பாங்கன்னு நெனச்சேன்."

"கெட்ட வார்த்தை வேணும்னா என்னாண்ட கேட்டிருக்கலாமே, ஒரு மூட்டை தருவேன்" என்றான் சேட்டு. இரண்டு பேரும் சிரிக்காததால் டீ சொல்லப் போய்விட்டான்.

டிபார்ட்மெண்ட் வராந்தாவில் கூட்டம். யுனிவர்சிட்டி பரீட்சைக்கு ஹால் டிக்கெட் வந்திருந்தது. வரலட்சுமி கையில் கட்டோடு ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். மஞ்சள் பூசிய முகம், தலை நிறையக் கனகாம்பரம்.

"கோபிநாத்! பரிமளா! யாருப்பா யுவராஜ், நீயா, இந்தா." அடுத்த டிக்கெட்டைப் பார்த்தாள். கூப்பிடவில்லை. கூட்டத்தில் கண்ணை ஓட்டினாள். "மூக்குக் கண்ணாடி! ஆங், உன்னைத்தாம்பா, வந்து வாங்கிக்க."

சேட்டு தேவசேனாவின் காதருகே குனிந்தான். "இன்னா மேடம், அந்தப் பையனுக்குப் பேர் வைக்கறதுக்குள்ள அவங்கப்பன் தூங்கிட்டானா?"

தேவசேனா அந்தப் பையனை ஓரமாகக் கூப்பிட்டாள்.

"உன் பேரு என்னப்பா?"

"ஆறுமுகம்ங்க."

"அவங்க உன்னை எப்பவுமே இப்படித்தான் கூப்பிடறாங்களா?"

"ஆமாங்க. சேந்ததுலேர்ந்து பேரைச் சொன்னதே இல்லீங்க, இப்போ நான் மூக்குக் கண்ணாடிதான். கண்ணாடி போடறதுக்கு முன்னாடி நெட்டைன்னு கூப்ட்டாங்க." பையன் சிரித்தான். "அவங்க வீட்டுக்காரர் பேரும் ஆறுமுகமாம். வாட்ச்மேன் தாத்தா சொன்னாரு."

தேவசேனா நின்ற இடத்திலேயே நின்றாள். திருத்தணியில் பாதி ஆண்பிள்ளைகளுக்கு முருகன் பேர்தான். அவர்கள் பெண்டாட்டிகளுக்குச் சாமி பேரைச் சொல்லிக் கும்பிடக்கூட வழியில்லை. தேவசேனாவின் அம்மாவே அப்படித்தான். அப்பாவுக்குக் குமாரசுவாமி என்று பேர் வைத்த பாவத்துக்கு, கடைசி வரை சாமியை 'மலைமேல இருக்கறவர்' என்றுதான் கூப்பிட்டாள். சொன்னால் புருஷன் ஆயுசு குறையும் என்று அத்தனை பயம், அத்தனை ஆசை.

வாயில் வரவே வராத ஒரு வார்த்தை!

"சேட்டு, உள்ளே வா" என்றாள்.

ஆபீஸ் கம்ப்யூட்டரைப் பார்க்க அவளுக்கு பிரின்சிபாலின் அனுமதி இருந்தது. ஃபைலைத் தட்டினாள். பாஸ்வேர்டு கேட்டது. இங்கிலீஷ் எழுத்தில் ஆறுமுகம் என்று அடித்தாள். அரிசி மூட்டை வாய் அவிழ்ந்த மாதிரி கேள்விகள் வந்து கொட்டின.

சேட்டு வாயைப் பிளந்தான். "அட இன்னா மேடம் இது! ரேசன் கார்டுல போட்டுகீற பேரையா பூட்டா போட்டாங்க?"

"அவளுக்கு இதைவிடப் பெரிய ரகசியம் கெடையாதுடா. உயிரே போனாலும் வாயைத் தொறந்து சொல்ல மாட்டா. அதனால இதுதான் பத்திரம்னு நெனச்சிட்டா."

"அவங்க சொல்ல மாட்டாங்க, சரி. ஊரே அவரை அந்தப் பேரு சொல்லித்தான கூப்ட்டுகினு கீது! அப்போ எவன் வேணா தொறந்திருக்கலாம். துப்பு கெடச்சுதுன்னு சந்தோஷப்பட்டா, தெருவுல போறவன் அத்தினி பேரும் குத்தவாளி ஆயிட்டானே மேடம்!"

"இல்ல. பேரு எல்லாருக்கும் தெரியும். அந்தப் பேருதான் சாவின்னு யாருக்குத் தெரியும்? அவ யார் கிட்டயாவது சொல்லியிருக்கணும்." ஃபைல் கடைசியாகத் திறந்ததென்று நோட்டில் குறித்து வைத்திருந்த தேதியைப் பார்த்தாள். முந்தாநாளும் பார்த்த தேதிதான். சுவரில் மாட்டியிருந்த காலண்டரில் அந்தத் தேதியைத் தேடியபோது அவள் முகம் மாறியது. "ஐயோ, அன்னிக்குக் கிருத்திகைடா. அன்னிக்கு மத்தியானம் வரலட்சுமியை நான் மலையிலே பாத்தேன். தரிசன வரிசையிலே நின்னுண்டிருந்தா. இது எப்படி என் புத்தியிலே படாம போச்சு?"

வாட்ச்மேன் துரைக்கண்ணு கேட்டருகே பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார். கிருத்திகையன்று மத்தியானம் வெளியாள் யாராவது உள்ளே போனார்களா என்று கேட்டதற்கு உறுதியாகத் தலையை ஆட்டினார்.

"வெளியாளு ஒருத்தரும் வர்லம்மா. நம்ம வரலட்சுமி வூட்டுக்காரரு மட்டும் கேரியர் எடுத்துகினு வந்தாரு. அவரு டெய்லி வர்றவருதான. அவரை எப்படி வெளியாள்னு சொல்றது?"

"கிருத்திகையன்னிக்குக் கேரியர்ல என்ன எடுத்துண்டு வந்தார்?"

"சோறுதாம்மா, வேற இன்னா?"

"கிருத்திகையன்னிக்கு அவ பச்சைத் தண்ணி பல்லுல படாம விரதம் இருக்கறவ. அன்னிக்கு அவ சீட்டுல இருக்க மாட்டாள்னும் வீட்டுக்காரருக்குத் தெரியும்."

துரைக்கண்ணுவின் பீடி கையிலேயே அணைந்துவிட்டது. சேட்டு மெல்லச் சொன்னான்: "மேடம், அந்த ஆளு பொதட்டூர்பேட்டையில கல்யாணப் பத்திரிகை அடிக்கிற டி.டி.பி. கடை வச்சுகினு கீறாரு. கம்ப்யூட்டர் அவருக்குக் கை வந்த வேலை. அவரு தம்பி தணிகைமணி இதே கிளாஸு. இந்த பேப்பர்ல அவன் ஊத்திக்குவான்னு காலேஜே பேசிகினு கீது. கேரியருக்குள்ள ஒரு பிளாப்பியைப் போட்டு எடுத்துகினு போனா எவன் தொறந்து பாக்கப்போறான்?"

துப்பு துலங்கினால் வழக்கமாக அவளுக்கு உள்ளுக்குள் ஒரு குதி வரும். இன்று வரவில்லை. ஒரு பெண்ணைக் கவிழ்த்தாகிவிட்டது, அவளைத் தூக்கி நிறுத்த இன்னொரு பெண்ணைக் கவிழ்க்க வேண்டும். இரண்டுக்கும் கை தன்னுடையதுதான்.

வரலட்சுமி டிபார்ட்மெண்டின் பின்பக்கம், தண்ணீர்த் தொட்டியருகே நின்று கை கழுவிக்கொண்டிருந்தாள். தேவசேனா சுற்றி வளைக்கவில்லை.

"ஃபைலைத் தொறந்து பாத்தேன் வரலட்சுமி."

அவ்வளவுதான். வரலட்சுமி தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்தப் பொண்ணு சொன்னப்போ எனக்கு வேற வார்த்தையே தோணலீங்க. கல்யாணம் ஆனதுலேர்ந்து அது ஒண்ணைத்தான் நான் வாயால சொன்னதில்ல. வூட்டுக்குப் போய் அவராண்ட சொன்னேன். 'ஏ, என் பேரை வச்சா காலேஜையே பூட்டிகினு இருக்கே'ன்னு அவ்ளோ சந்தோஷப்பட்டாருங்க. அன்னிக்கு மல்லிப்பூ வாங்கிகினு வந்தாரு." மூக்கை முந்தானையால் துடைத்துக்கொண்டாள். "பேப்பர் வெளிய போச்சுன்னு கேட்ட அன்னிக்கே எனக்குத் தெரிஞ்சு போச்சு. அவராண்ட கேக்கவும் இல்ல, அவரு சொல்லவும் இல்ல. ரெண்டு பேரும் சோத்தைப் பாத்துகினே சாப்பிட்டோம். அந்தப் பொண்ணு என்னை அக்கான்னு கூப்பிடுவா. தெரிஞ்சும் வாயை மூடிகினு இருந்தேனே, நான் மனுஷியாங்க?"

"உன்னைக் குத்தம் சொல்ல எனக்கு வாய் இல்லம்மா. நீ பேசாம இருந்தே. நான் பேசிக் கெடுத்தேன்."

"இப்போ நான் இன்னா பண்ணணும்?"

"நீ சொன்னா உங்க வீட்டுல என்ன நடக்கும்னு எனக்குத் தெரியும். சொல்லலைன்னா சாயங்காலம் ஹேமாவதி கதை முடிஞ்சுது. உன்னைச் சொல்லுன்னு அதட்ட எனக்கு யோக்கியதை இல்ல. நான் உள்ளே போய் என் தப்பைச் சொல்லப்போறேன். வரதும் வராததும் உன் இஷ்டம்."

பிரின்சிபால் ஸ்ரீகுமார் தங்க ஃப்ரேம் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். எதிரே ஹேமாவதி நின்றிருந்தாள். சுற்றிலும் கமிட்டி ஆசிரியர்கள். தேவசேனா சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு அவர் உதட்டைப் பிதுக்கினார்.

"முந்தாநாள் ஒரு பேரைக் குடுத்தீங்க. இன்னைக்கு வேற ஒரு பேரைக் குடுக்கறீங்க. நாளைக்கு என் பேரைக் குடுப்பீங்களா மேடம்? இனிமே நீங்க சொல்றதை வச்சு நான் ஒண்ணும் பண்றதா இல்ல. சம்பந்தப்பட்டவங்க வாயால வரட்டும்."

நியாயமான பேச்சு. தேவசேனா தலையைக் குனிந்துகொண்டாள். வாசல் பக்கம் வளையல் சத்தம் கேட்டது.

"நான் சொல்றேன் சார்" என்றாள் வரலட்சுமி. "பேப்பரை எடுத்தது எங்க வூட்டுக்காரருங்க. நான்தான் பாஸ்வேர்டை அவராண்ட சொன்னேன். ஹேமாவதிக்கு ஒண்ணும் தெரியாது."

பிரின்சிபால் பேனாவை எடுத்தார். "அவர் பேரு?"

வரலட்சுமியின் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. சேட்டு பொறுக்கமாட்டாமல், "சார், நான் வேணா சொல்றேனே" என்று முன்னால் வந்தான்.

"நீங்க சும்மா இருங்க. சொல்லும்மா. பேரில்லாம நான் என்ன எழுதறது?"

வரலட்சுமி ஹேமாவதியைப் பார்த்தாள். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டாள். மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது.

"ஆறு..." என்றாள். எச்சில் விழுங்கினாள். "ஆறுமுகம்."

"கேக்கலம்மா."

"ஆறுமுகம்!" என்று கத்திவிட்டாள்.

வராந்தாவில் யாரோ ஓடிவரும் சத்தம். மூக்குக் கண்ணாடிப் பையன் கதவருகே தலையை நீட்டினான். "கூப்ட்டீங்களாக்கா?" என்று ஆசையோடு கேட்டான். உள்ளே இருந்தவர்கள் முகங்களைப் பார்த்துவிட்டு மெல்லப் பின்வாங்கிப் போய்விட்டான். வரலட்சுமி சுவரோரம் அப்படியே உட்கார்ந்து அழுதாள். ஹேமாவதி போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். என்ன பேசிக்கொண்டார்கள் என்று யாருக்கும் கேட்கவில்லை.

ஹேமாவதிமேல் இருந்த உத்தரவு அங்கேயே ரத்தாயிற்று. ஆறுமுகத்தையும் தணிகைமணியையும் காலையில் வரச்சொல்லி ஆள் போயிற்று. வரலட்சுமியின் வேலையைப் பற்றி அப்புறம் பேசலாம் என்றார் பிரின்சிபால். தேவசேனா எதற்கும் சந்தோஷப்படவில்லை.

சாயங்கால வெயிலில் ஹேமாவதி ரோட்டோரம் பஸ்ஸுக்கு நின்றிருந்தாள். தேவசேனா பக்கத்தில் போய் நின்றாள். மன்னிப்பு என்கிற வார்த்தை நாக்கு நுனியில் நின்றுகொண்டு இறங்க மறுத்தது.

"எல்லாம் சரியாயிடுச்சும்மா" என்றாள், வேறு எதுவும் தோன்றாமல்.

"எது மேடம் சரியாச்சு?" ஹேமாவதி திரும்பினாள். "நேத்து கம்பெனிக்காரங்க வந்தாங்க. நெட்வொர்க் செக்யூரிட்டி வேலை. நாலு வருஷமா நான் அதுக்குத்தான் படிச்சேன். கேள்வித்தாள் திருடின பொண்ணுன்னு சொல்லி என் பேரை அடிச்சுட்டாங்க. அவங்க உள்ள பரீட்சை வச்சுகினு இருந்தாங்க, நான் இந்த கேட்டாண்ட நின்னுகினு இருந்தேன்."

தேவசேனாவுக்கு இது தெரியாது. யாரும் சொல்லவில்லை, அவளும் விசாரிக்கவில்லை.

"கம்பெனி எங்கே இருக்கு?"

"மெட்ராஸ்ல."

"நாளைக்குக் காலையிலே மொத ரயில்லே போலாம். நானும் வரேன். பண்ணின தப்பு என்னோடதுன்னு நானே அவங்க கிட்ட சொல்றேன். உள்ளே விடலைன்னா வாசல்லயே நிக்கறேன்."

பொதட்டூர்பேட்டை பஸ் வந்து நின்றது. ஹேமாவதி படியில் ஒரு காலை வைத்தாள். போய்விடுவாள் என்றுதான் தேவசேனா நினைத்தாள். ஆனால் அவள் கம்பியைப் பிடித்தபடியே திரும்பிப் பார்த்தாள்.

"வாங்க. ஆனா அங்க வந்து என்னைப் பத்தி நல்ல பொண்ணு, தறிக்காரர் பொண்ணு, கஷ்டப்பட்டுப் படிச்சவன்னெல்லாம் சொல்லிகினு இருக்காதீங்க மேடம். அவ கிட்ட ஒரு வார்த்தைகூடக் கேக்காம எழுதிட்டேன்னு மட்டும் சொல்லுங்க. அது போதும் எனக்கு."

கண்டக்டர் விசில் கொடுத்தார். சொல்கிறேன் என்றாள் தேவசேனா. பஸ் கிளம்பிய சத்தத்தில் அது ஹேமாவதிக்குக் கேட்டதோ இல்லையோ தெரியவில்லை.